வேலிக்கு உள்ளே எல்லாரும் சமம்

"ஜிம்முல மட்டும்தாண்ணே மேல கீழன்னு ஒண்ணும் கிடையாது. டாக்டர் தூக்கினாலும் நூறு கிலோ, டெலிவரி பையன் தூக்கினாலும் நூறு கிலோ." பெர்லினில் நொய்கோல்ன் பகுதியில் நான் போகிற மலிவு விலை ஜிம்மில், உடை மாற்றும் அறையில், திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னது இது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. மறுத்துப் பேச வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எதை வைத்து மறுப்பது என்று பிடிபடவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அங்கே என் பக்கத்தில் தண்டால் எடுக்கிறவர் என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, வியர்வைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது.

விஷயம் என்னவென்றால், இதே பேச்சை இதே ஊரில் இருநூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் பேசிவிட்டார். அந்த ஜிம்மிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹாசன்ஹைட என்று ஒரு பூங்கா இருக்கிறது. இன்றைக்கு அங்கே நாயோடு நடக்கிறவர்கள், வெயில் காய்கிறவர்கள், மரத்தடியில் கஞ்சா விற்கிறவர்கள் எல்லாரும் உண்டு. உள்ளே ஒரு மேட்டில் தாடி வைத்த மனிதர் ஒருவரின் சிலை நிற்கிறது. 1872இல் வைத்தது. பீடத்தைச் சுற்றி உலகத்தின் பல மூலைகளில் இருந்த ஜெர்மன் உடற்பயிற்சிச் சங்கங்கள் அனுப்பிய கற்கள் பதித்திருக்கின்றன, அமெரிக்காவிலிருந்து வந்தவைகூட உண்டு. ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யாஹ்ன். ஜெர்மானியர்களுக்கு அவர் உடற்பயிற்சியின் தந்தை. நம் ஊரில் டபுள் பார் என்று சொல்கிறோமே, அந்தக் கருவியை உருவாக்கியவராகச் சொல்லப்படுகிறவர் அவர்தான். அந்த வகையில் ஊர் ஊருக்கு இருக்கும் நம் தேகப்பயிற்சி சாலைகளில் டிப்ஸ் அடிக்கிற ஒவ்வொருவரும் இந்தத் தாடிக்காரருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள்.

சாம்பல் நிற லினன்

யாஹ்ன் 1778இல் லான்ஸ் என்ற கிராமத்தில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். பல பல்கலைக்கழகங்களில் சுற்றி, எதிலும் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர். 1806இல் யேனா போரில் நெப்போலியனிடம், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யா ராஜ்ஜியம் படுதோல்வி அடைந்த பிறகு, இந்தத் தோல்விக்குக் காரணம் என்ன என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இவர் கண்டுபிடித்த பதில்: உடம்பு. ஜெர்மன் ஆண் மென்மையாகிவிட்டான், பிரெஞ்சு நடன வாத்தியாரிடம் கால் வைக்கக் கற்றுக்கொண்டு கெட்டுப்போனான். 1811 ஜூனில் ஹாசன்ஹைடவில், அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்த அந்தக் காட்டுத் திடலில், ஏறுகம்பம், கயிறு, குறுக்குக் கம்பம், தாண்டுவதற்கு மரக்குதிரை என்று நட்டு வைத்து, பையன்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

உடற்பயிற்சியை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். 1793லேயே ஷ்னெப்ஃபென்டால் பள்ளி ஆசிரியர் கூட்ஸ்மூட்ஸ் இளைஞர் உடற்பயிற்சிக்கு ஒரு பாடநூல் எழுதிவிட்டார். அவருக்கும் முன்னே பிரபு வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கென்று இருந்த கல்விக்கூடங்களில் வாள்வீச்சு, குதிரையேற்றம், நடனம் எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார்கள். மரக்குதிரை வந்ததே அங்கிருந்துதான், நிஜக் குதிரைமேல் தாவி ஏறுவதற்கான ஒத்திகை அது. நடுத்தர வர்க்கத்துப் பையனுக்குக் குதிரை ஏது? யாஹ்னின் திடலில் அவனுக்கு நிஜக் குதிரை இல்லாமலே குதிரைவீரனின் உடம்பு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. பிரபுத்துவத்தின் உடல் பயிற்சியை எடுத்து, அதிலிருந்து பிரபுவைக் கழித்துவிட்டார்கள்.

இப்போது தம்பியின் பேச்சுக்கு வருகிறேன். யாஹ்னின் திடலில் எல்லாருக்கும் ஒரே உடை: வெளுக்காத, சாம்பல் நிறக் கெட்டி லினன் துணியில் சட்டையும் காற்சட்டையும். மலிவு, கிழியாது, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சிலும் அப்படித்தான், எல்லாரும் எல்லாரையும் "நீ" என்றுதான் கூப்பிட வேண்டும், வாத்தியாரையும் சேர்த்து. ஜெர்மன் சமூகத்தில் அன்றைக்கு இது சின்ன விஷயம் கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு விளி, ஒவ்வொரு விளிக்கும் ஒரு குனிவு என்று இருந்த காலம். 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போர் தொடங்கியபோது பிரஷ்ய ராஜா அறிமுகப்படுத்திய இரும்புச் சிலுவைப் பதக்கம்கூட அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல் கொடுக்கப்பட்டது. காற்றில் அப்படி ஒரு சமத்துவம் இருந்தது, யாஹ்ன் அதற்குக் கையும் காலும் கொடுத்தார்.

சரி, யார் வந்தார்கள்? பயிற்சி நடந்தது புதன், சனி மதியங்களில். ஏன் அந்த நாட்கள்? பள்ளிக்கூடம் அரை நாள் விடுமுறை விடுகிற நாட்கள் அவை. அதிகாரிகள், பேராசிரியர்கள், வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்த மதியம் சொந்தம். கைத்தொழில் செய்கிற வீடுகளிலிருந்தும் சிலர் வந்தார்கள்தான், ஆனால் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனுக்குப் புதன் மதியம் என்பது மற்ற மதியங்களைப் போன்ற ஒரு மதியம். ஆக எல்லாரும் சமம் என்ற அந்தத் திடலில் நுழைய, முதலில் ஓய்வு நேரம் என்று ஒன்று வேண்டியிருந்தது. லினன் சட்டை மறைத்த வேறுபாட்டைக் கடிகாரம் ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர், யூதர் மீது யாஹ்னுக்கு இருந்த வெறுப்பு அவர் எழுத்திலும் பேச்சிலும் ஒளிவு மறைவு இல்லாமல் கிடக்கிறது.

இந்தத் திடலின் மனது எப்படி இருந்தது என்று பார்க்க 1817 அக்டோபர் 18ஆம் தேதி இரவுக்குப் போக வேண்டும். வார்ட்புர்க் கோட்டை அருகே மாணவர்கள் கூடினார்கள். யாஹ்னின் சீடர் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மாஸ்மான் தலைமையில் நெருப்பு மூட்டி, தங்களுக்குப் பிடிக்காத புத்தகங்களின் பெயரை எழுதிய பழைய காகிதக் கட்டுகளைத் தூக்கிப் போட்டார்கள் (நிஜப் புத்தகம் வாங்கினால் செலவு!). அதில் சவுல் ஆஷர் என்ற பெர்லின் யூத எழுத்தாளரின் நூலும் ஒன்று, இந்த ஜெர்மன் வெறியைக் கண்டித்து எழுதியவர் அவர். காகிதத்தோடு இன்னும் மூன்று பொருட்களும் நெருப்புக்குள் போயின. குதிரைப்படை வீரர்கள் இடுப்பை ஒடுக்கமாகக் காட்டக் கட்டும் இறுக்குக் கச்சை. பழைய பாணிச் சிப்பாய்ச் சடை. கீழ்மட்ட அதிகாரி சிப்பாய்களை அடிக்கும் பிரம்பு. இந்த மூன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், எந்த மாதிரி ஆண் இனி வேண்டாம் என்று அந்தப் பையன்கள் முடிவு செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். கச்சை கட்டி மினுக்குகிறவன் வேண்டாம், சடை பின்னியவன் வேண்டாம், அடி வாங்கிக்கொண்டு நிற்கிறவனும் வேண்டாம். பிரம்பை எரித்ததற்கு நான் கைதட்டுவேன். ஆனால் அதே நெருப்பில்தானே ஆஷரின் பெயரும் எரிந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை, அதுதான் என் பிரச்சினை.

ராஜாக்களுக்கு வேறு பிரச்சினை. நாட்டுக்காக வளர்த்த உடம்பு நாட்டின் ஆட்சியைக் கேள்வி கேட்டால்? 1819இல் கார்ல் சாண்ட் என்ற மாணவர், இவரும் உடற்பயிற்சி இயக்கத்தைச் சேர்ந்தவர், இந்த இயக்கங்களைக் கிண்டலடித்த நாடக ஆசிரியர் கோட்ஸபுவை மன்ஹைம் நகரில் குத்திக் கொன்றார். அதே வருடம் யாஹ்ன் கைதானார். 1820இல் பிரஷ்யா பொது உடற்பயிற்சித் திடல்களுக்கே தடை போட்டது. கயிறு ஏறுவதும் கம்பத்தில் தொங்குவதும் தேசத்துரோகமாகப் பார்க்கப்பட்ட வருடங்கள் அவை. யாஹ்ன் வழக்கை விசாரித்த குழுவில் இருந்த நீதிபதிகளில் ஒருவர் எழுத்தாளர் ஈ.டி.ஏ. ஹாஃப்மன், பேய்க்கதைகளுக்குப் பேர்போனவர். யாஹ்னை அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் சிறையில் வைக்க ஆதாரம் போதாது என்று எழுதினார். கேட்பார் இல்லை. 1825 வரை கோட்டைச் சிறைகள், அப்புறம் ஃப்ரைபுர்க் என்ற சிறு ஊரில் போலீஸ் கண்காணிப்பு.

கூரைக்குக் கீழே

தடை நீங்கியது 1842இல். எப்படி நீங்கியது என்பதில்தான் சூட்சுமம். 1836இல் லோரின்ஸர் என்ற மருத்துவர், பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கின்றன என்று எழுதி ஒரு பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். படித்த வீடுகளில் ஒரே பதற்றம், நம் பிள்ளைக்கு முதுகு வளைகிறது, கண் மங்குகிறது என்று. 1842இல் ராஜா நான்காம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம், ஆண்பிள்ளைக் கல்வியில் உடற்பயிற்சி தவிர்க்க முடியாத பகுதி என்று ஆணை போட்டார். திடலில் இருந்தது இப்படியாகக் கூடத்துக்குள் வந்தது. அடால்ஃப் ஷ்பீஸ் என்ற ஆசிரியர் அதை வரிசை, கட்டளை, எண்ணிக்கை என்று மாற்றி அமைத்தார். மரத்தில் ஏறுகிற பையனுக்குப் பதிலாக, "ஒன்று, இரண்டு" சொன்னால் கை தூக்குகிற பையன். நம் பள்ளி டிரில் வகுப்புகளை அனுபவித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1848–49இல் ஜெர்மன் ராஜாக்களுக்கு எதிராக நடந்த புரட்சியில் இந்த இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஹானாவ் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் ஆயுதம் எடுத்துக்கொண்டு தென்மேற்கே பாடன் நாட்டில் நடந்த எழுச்சியில் போய்ச் சண்டை போட்டார்கள். தோற்ற பிறகு, தப்பியவர்களில் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, சின்சினாட்டி தொடங்கி ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். 1861இல் லிங்கன் பதவி ஏற்றபோது காவலுக்கு நின்றவர்களில் இந்த உடற்பயிற்சிக்காரர்களும் உண்டு. ரத்தம் சூடாக இருந்தவர்கள் கடல் தாண்டிப் போய்விட, ஊரில் தங்கியவர்களின் இயக்கம் மெல்ல ராஜவிசுவாசத்துக்குச் சாய்ந்தது. 1868இல் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஜெர்மன் உடற்பயிற்சிக் கழகம் என்று ஒரே கூட்டமைப்பு. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசான பிறகு கைசருக்கு, அதாவது பேரரசருக்கு, வாழ்த்து, பிரான்சை வென்ற செடான் நாளுக்கு விழா, கொடி, பாட்டு, பீர்.

அந்தக் கைசர் காலத்து ஜெர்மனியில் ஆண்மைக்கும் வகுப்பு வாரியாக டிக்கெட் இருந்தது. மேல்தட்டு மாணவர் சங்கங்களில் கத்தியால் முகத்தில் வெட்டு வாங்கிக்கொள்வார்கள், தையல் போட்ட தழும்பு கன்னத்தில் இருந்தால் அது வாழ்நாள் முழுக்க விசிட்டிங் கார்டு. அவமானப்படுத்தினால் சண்டைக்கு அழைக்கத் தகுதியுள்ளவன், தகுதியில்லாதவன் என்று ஆண்களைப் பிரித்து வைத்திருந்தார்கள், தொழிலாளி இரண்டாவது வகை, அவனுக்கு மானம் இருப்பதாகவே கணக்கில்லை. ராணுவத்திலும் அப்படித்தான். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் கட்டாயச் சேவை என்றால், போதிய படிப்பும் தன் சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் தானே செலவு செய்யும் வசதியும் இருந்தவனுக்கு ஒரே வருடம், அப்புறம் ரிசர்வ் அதிகாரி ஆகும் வாய்ப்பு. ஒரே நாடு, ஒரே துப்பாக்கி, இரண்டு வகை ஆண்.

கேரா, 1893

என் கவனம் போய் நிற்கிற இடம் இதுதான். 1890இல் சோஷலிஸ்டுகளுக்கு எதிரான சட்டம் காலாவதி ஆனது. மூன்று வருடம் கழித்து கேரா என்ற நெசவாலை நகரத்தில் கூடிய சில சங்கங்கள், இனி நாங்கள் கைசர் வாழ்த்துப் பாட மாட்டோம் என்று பிரிந்து, தொழிலாளர் உடற்பயிற்சிச் சங்கம் என்று தனியாகத் தொடங்கின. ஜெர்மன் கழகத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் லைப்ஸிக் மருத்துவர் ஃபெர்டினாண்ட் கோட்ஸ். சமூக ஜனநாயகவாதிகள், அதாவது அன்றைய சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள், என்றாலே அவருக்கு ஆகாது. நாங்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டே கைசருக்கு வாழ்த்துப் பாடுகிற அந்த வித்தையை நாமும் நிறைய இடங்களில் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பிரிவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி ரொம்ப எளிமையானது. பத்துப் பதினோரு மணி நேரம் தறியிலும் உலைக்களத்திலும் நின்றுவிட்டு வருகிற ஒருவன், சாயங்காலம் எதற்கு மறுபடியும் கம்பத்தில் தொங்க வேண்டும்? அலுவலகத்தில் உட்கார்ந்தே இருக்கிற குமாஸ்தாவுக்குப் பயிற்சி தேவை என்றால் புரிகிறது. இவன் உடம்புதான் நாள் முழுக்க உழைக்கிறதே? தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இதற்குப் பதில் வைத்திருந்தார்கள். ஆலை வேலை உடம்பை ஒரு பக்கமாகத் தேய்க்கிறது, ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி, முதுகு கூனி, ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்து. உடற்பயிற்சி அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்து, முதலாளிக்கு விற்ற உடம்பைச் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்காவது தனக்கே திருப்பித் தருகிறது. இதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டவன் என்ற முறையில் சொந்த அனுபவமும் சாட்சி சொல்கிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. அவர்கள் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை என்று பாருங்கள். வணக்கம் சொல்லும் முறையை மாற்றினார்கள்: மற்றவர்கள் "குட் ஹைல்" என்றால் இவர்கள் "ஃப்ரை ஹைல்", சுதந்திரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய முழக்கத்தில் பக்தியைக் குறிக்கும் சொல்லைத் தூக்கிவிட்டார்கள். பாட்டு மாறியது, கொடி மாறியது. தனிநபர் சாதனை, பரிசுக் கோப்பை இதெல்லாம் முதலாளித்துவப் புத்தி என்று சொல்லி, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே தாளத்தில் செய்யும் கூட்டுப் பயிற்சியை மேலே வைத்தார்கள். குடியை எதிர்த்தார்கள். பெண்களைச் சேர்த்துக்கொள்வதிலும் பழைய கழகத்தைவிடத் தாராளமாக இருந்தார்கள். மாறாதது எது என்றால், அந்தக் கருவிகள். அதே டபுள் பார், அதே மரக்குதிரை, அதே அணிவரிசை, முன்னால் நின்று செய்து காட்டும் அதே அணித்தலைவர். நிமிர்ந்த நெஞ்சு, கட்டான இடுப்பு, கட்டுப்பாடு என்று யாஹ்னின் பையன்கள் எதை ஆண் என்று வரையறுத்தார்களோ, அந்த வரையறை அப்படியே கைமாறியது. பிற்காலத் தொழிலாளர் விளையாட்டுச் சுவரொட்டிகளில் வருகிற வெற்று மார்பு ஆளையும் எதிர்த்தரப்புச் சுவரொட்டி ஆளையும் பக்கத்தில் வைத்தால், கொடியை மறைத்துவிட்டுச் சொல்லுங்கள், யார் யார் என்று.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? பேட்டையில் குடித்துக் கிடக்கிறவன், கூனன், முரடன் என்று தொழிலாளியைப் பார்த்த சமூகத்திடம், நானும் ஆண்தான், எனக்கும் மானம் உண்டு என்று நிரூபிக்க, அந்தச் சமூகம் ஆண்மைக்கு வைத்திருந்த அளவுகோலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தம்பியின் நூறு கிலோவுக்கு இங்கேதான் என் பதில் கிடைத்தது. யார் தூக்கினாலும் நூறு கிலோ நூறு கிலோதான், மறுப்பில்லை. ஆனால் தூக்கிக் காட்டினால்தான் ஆள் என்று யாரைச் சொல்கிறார்கள், தூக்காமலே ஆளாக இருக்க யாருக்கு அனுமதி? கன்னத்துத் தழும்போடு மாமா வீட்டு வங்கியில் உட்காரப் போகிற மாணவனுக்கு டபுள் பார் ஒரு பொழுதுபோக்கு. கேரா நெசவாளிக்கு அது விண்ணப்பப் படிவம்.

நிரூபிக்கவும் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. போலீஸ் இந்தச் சங்கங்களை அரசியல் அமைப்புகள் என்று பட்டியல் போட்டுக் கண்காணித்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடங்கள் பல ஊர்களில் இவர்களுக்கு மறுக்கப்பட, மதுக்கடைகளின் பின்பக்க மண்டபங்களில் பயிற்சி நடந்தது. குடியை எதிர்க்கிற சங்கத்துக்கு மதுக்கடையில் இடம், என்ன செய்ய. நிலைமை மாறியது 1918 நவம்பரில், எட்டு மணி நேர வேலை நாள் வந்தபோது. ஹாசன்ஹைடப் பையன்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்த அந்த மதியம், ஒரு நூற்றாண்டு கழித்து, ஒரு புரட்சிக்குப் பிறகு, தொழிலாளிக்குச் சாயங்காலமாகக் கிடைத்தது. சங்கங்களின் உறுப்பினர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள். 1925இல் ஃபிராங்க்ஃபுர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பிக் நடத்தினார்கள். முதல் உலகப் போரின் காரணமாக 1920, 1924 ஒலிம்பிக் போட்டிகளுக்கு ஜெர்மனியை யாரும் கூப்பிடவில்லை. அதே வேளையில் நேற்று வரை எதிரி நாட்டுக்காரர்களாக இருந்த தொழிலாளர்கள் இங்கே வந்து, தேசியக் கொடிகள் இல்லாமல், செங்கொடியின் கீழ் ஓடினார்கள், மல்யுத்தம் செய்தார்கள். ஜெர்மன் உடற்பயிற்சி வரலாற்றில் எனக்கு மனதாரப் பிடித்த ஒரே வாரம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

இடையில் ஒரு சின்ன விலகல். இந்த உடற்பயிற்சிக்காரர்களில் பலருக்கும் பிடிக்காத ஒன்று கால்பந்து. இங்கிலாந்திலிருந்து வந்தது என்பது ஒரு குற்றம். 1898இல் ஷ்டுட்கார்ட்டைச் சேர்ந்த கார்ல் பிளாங்க் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பந்தை உதைக்கிறபோது முதுகு வளைந்து தாடை நீண்டு மனிதன் குரங்காகிவிடுகிறான் என்று ஒரு துண்டுநூலே எழுதினார். நிமிர்ந்து நின்றால்தான் ஆண் என்று நம்புகிறவருக்குக் குனிந்து ஓடுகிறவனைப் பார்த்தால் எரிச்சல் வராதா. இன்றைக்கு யாஹ்ன் என்ற பெயரைச் சொன்னால் பாதி ஜெர்மானியர்களுக்கு முதலில் நினைவு வருவது யாஹ்ன் ரேகன்ஸ்புர்க், ஒரு கால்பந்து அணி!

கம்பம் ஏறியும் உள்ளே விடாதவர்கள்

தொழிலாளிகள் மட்டும்தான் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தார்கள் என்றில்லை. 1898இல் பாசல் நகரில் நடந்த, யூதர்களுக்கெனத் தாயகம் கேட்ட சியோனிஸ்ட் இயக்க மாநாட்டில், அதன் தலைவர்களில் ஒருவரான மாக்ஸ் நோர்டாவ், தசை பலமுள்ள யூதர்கள் வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டு பெர்லினில் பார் கோக்பா என்ற யூத உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கியது. யூதன் என்றால் ஒல்லி, பயந்தாங்கொள்ளி, படைக்கு ஆகாதவன் என்ற வசைக்கு, வசை பாடியவர்களின் கம்பத்திலேயே ஏறிப் பதில் சொல்ல நினைத்தார்கள்.

யூத உடற்பயிற்சி வீரர் ஆல்ஃப்ரட் ஃபிளாட்டோ கதையைச் சொன்னால் போதும். அவர் பொதுச் சங்கத்துக்காரர். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் டபுள் பாரில் தனிநபர் தங்கம், அணியாக இன்னும் இரண்டு. அவருடைய சித்தப்பா பெரியப்பா வழி உறவுக்காரர் குஸ்டாவ் ஃபெலிக்ஸ் ஃபிளாட்டோவும் அதே வெற்றி அணிகளில். யாஹ்ன் கொடுத்த கருவியில், உலகம் பார்க்க முதலிடம். அதற்கு மேல் எதை நிரூபிக்க? (ஒலிம்பிக் என்பது வெளிநாட்டு வேலை என்று சொல்லி, அங்கே போனதற்காகவே ஜெர்மன் கழகம் இவர்களைக் கண்டித்தது என்பது தனிக் கூத்து.) 1933இல் நாஜிகள் வந்த சில மாதங்களில், யாரும் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே, எட்மண்ட் நொயெண்டார்ஃப் தலைமையில் இருந்த ஜெர்மன் கழகம் யூதர்களை வெளியேற்றும் விதியைத் தானாகக் கொண்டுவந்தது. ஃபிளாட்டோவை அவருடைய சங்கம் விலகச் சொன்னது. 1942 டிசம்பரில் டெரசியென்ஷ்டாட் என்ற நாஜி வதைமுகாமில் ஆல்ஃப்ரட் இறந்தார், 1945 ஜனவரியில் அதே முகாமில் குஸ்டாவ் ஃபெலிக்ஸ். பெர்லின் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போகிற ஒரு சாலைக்கு 1997இல் ஃபிளாட்டோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தொழிலாளர் சங்கங்களும் 1933லேயே தடை செய்யப்பட்டன, சொத்துகள் பறிபோயின. அதே வருடம் மே 2ஆம் தேதி தொழிற்சங்கங்களையும் கலைத்தாகிவிட்டது. அப்புறம் வந்தது பழைய லினன் சட்டையின் புதிய பதிப்பு: எல்லா வீட்டுப் பையன்களுக்கும் ஒரே சீருடை, மேலும் இல்லை கீழும் இல்லை, நாம் எல்லாரும் ஒரே மக்கள் சமூகம். 1935 நியூரம்பெர்க் கூட்டத்தில் ஹிட்லர் இளைஞர்களிடம் கேட்டது, வேட்டை நாயின் வேகம், தோலின் உறுதி, பெரிய எஃகு ஆலை நிறுவனமான க்ருப்பின் எஃகின் கடினம். க்ருப் ஆலையில் எஃகு வார்க்கிறவனுக்குச் சங்கம் வைக்க உரிமை கிடையாது, ஆனால் அவன் பிள்ளை எஃகாக இருக்க வேண்டும். அவ்வளவு விசுவாசமாக இருந்த ஜெர்மன் கழகத்தையும் அவர்கள் வைத்திருக்கவில்லை, 1936இல் அதுவும் கலைந்தது. யாஹ்னை நாஜிகளோடு நேரடியாக முடிச்சுப் போடுவது சரியில்லை என்று சொல்கிற வரலாற்றாளர்கள் பக்கம்தான் நானும். 1811க்கும் 1933க்கும் நடுவில் ஹானாவ்காரர்களும் கேராக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களைச் சமமாக்கிவிட்டு வேலியை உயர்த்துகிற அந்த உத்தி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை, தயாராகக் கிடந்தது.

வெர்னர் ஸீலன்பிண்டரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1904இல் ஷ்டெட்டினில் பிறந்து பெர்லினில் வளர்ந்த தொழிலாளி, கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர், கம்யூனிஸ்ட். 1925 ஃபிராங்க்ஃபுர்ட் தொழிலாளர் ஒலிம்பிக்கில் ஜெயித்தவர். 1933 ஜெர்மன் சாம்பியன்ஷிப்பை வென்றுவிட்டு, மேடையில் நாஜி வணக்கத்துக்குக் கையைத் தூக்காமல் நின்றார். தடை போட்டார்கள். தடை முடிந்து மறுபடி வந்து, 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பதக்க மேடையில் ஏறி, உலகமே பார்க்க, ஆட்சிக்கு எதிராக ஏதாவது செய்வது என்று தோழர்களோடு திட்டம். கிடைத்தது நான்காம் இடம், மேடை இல்லை. 1942 பிப்ரவரியில் கைது, 1944 அக்டோபர் 24 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது.

அவருடைய அஸ்தி நொய்கோல்னில் ஒரு விளையாட்டு அரங்கத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறது, யாஹ்ன் சிலையிலிருந்து பழைய விமான நிலையமான டெம்பல்ஹோஃப் மைதானத்தின் ஓரமாக நடந்தே போய்விடலாம். 1945 கோடையில் அந்த அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். பனிப்போர் சூடு பிடித்ததும் மேற்கு பெர்லினில் ஒரு கம்யூனிஸ்டின் பெயர் பலகையில் இருப்பது யாருக்கோ உறுத்த, எடுத்துவிட்டார்கள். கிழக்கு பெர்லினிலோ பெரிய விளையாட்டு மண்டபம் ஒன்றுக்கு அவர் பெயர் இருந்தது. மேற்கே மறுபடி பெயர் வந்தது 2004இல்தான். யாஹ்ன் விஷயத்தில் இரண்டு ஜெர்மனிக்கும் சண்டையே இல்லை, கிழக்கே அவர் புரட்சிக்காரர், மேற்கே அவர் சங்கங்களின் தந்தை, இரண்டு பக்கமும் அரங்கம், தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவர் பெயர். ஒன்றையும் எடுக்க வேண்டி வரவில்லை.